எறும்புத் தையல் முதல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி வரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கரிசல் மண் இளகி, பருத்தியும் மல்லியும் மிளகாயும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் தரும். பொய்த்தால் வெடித்துப் பிளந்து கிடக்கும். அச்சீமையைச் சேர்ந்த எம்.ரெட்டியபட்டிக்கு நாம் ஒருமுறை சென்றிருந்தபோது, வேப்பமரத்து நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் தம் தோளில் கிடந்த துண்டை விலக்கித் தம் வயிற்றைக் காட்டினார். மார்பெலும்பின் கீழ் நுனியிலிருந்து தொப்புள் வரை நேராக ஓடிய ஒரு தழும்பு, வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது.

"74-ல மதுரைப் பெரியாஸ்பத்திரியில கீறினது தம்பி. அதுக்கு முந்தி பன்னெண்டு வருசம் சோடா உப்பை வச்சே ஓட்டுனேன். முந்தின நாள் குடிச்ச கம்பங்கஞ்சி மறுநாள் அப்படியே வெளிய வரும். ஆளு ஓலையாப் போயிட்டேன்" என்றார் அவர்.

அருகில் இருந்த அவர் வயதினர் இன்னும் இருவரும் சிரித்துக்கொண்டே, தங்களுக்கும் அதே தழும்பு உண்டென்றனர். அவர்களுடைய மக்களையும் பேரர்களையும் பற்றிக் கேட்டோம். அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

ஒரு தலைமுறையின் வயிற்றில் அத்தழும்பு ஏன் வந்தது? அடுத்த தலைமுறையில் அது ஏன் மறைந்தது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், அந்தலூஸின் குர்துபா நகரிலிருந்து வியன்னாவுக்கும், அங்கிருந்து நம் நெய்யூருக்கும் குன்னூருக்கும், இறுதியில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும் நாம் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. வயிற்றைத் திறந்து நோய் தீர்க்கத் துணிந்த மனிதர்களின் வரலாறு அது. கத்தி வென்ற கதை அதில் ஒரு பாதி. கத்தி தேவையற்றுப் போன கதை மறுபாதி.

எறும்பின் தலை

மனித உடலில் வயிறு நெடுங்காலம் பூட்டிய அறையாகவே இருந்து வந்தது. கை கால்களில் பட்ட காயத்தைக் கட்டவும், முறிந்த எலும்பைப் பொருத்தவும், கண்ணின் புரையை அகற்றவும் பண்டை மருத்துவர் அறிந்திருந்தனர். வயிறு கிழிந்து குடல் வெளிப்பட்டுவிட்டாலோ, பெரும்பாலோர் கைவிரித்தனர்.

எனினும் துணிந்தவர்கள் இருந்தனர். நம் நாட்டுச் சுஸ்ருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல், குடல் அடைபட்டாலும் துளைபட்டாலும் செய்ய வேண்டியதை வியக்கத்தக்க தெளிவுடன் கூறுகிறது. தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் கீறிக் குடலை வெளியே எடுத்து, அடைப்பை நீக்கி, துளையின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட வேண்டும். எறும்பு கவ்வியதும் உடலைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் அங்கேயே விட்டுவிட வேண்டும். பின்னர்க் குடலுக்குத் தேனும் நெய்யும் பூசி உள்ளே வைத்துத் தைக்க வேண்டும் என்பது அந்நூலின் முறை.

இந்நூல் பிற்காலத்தில் பாக்தாத் சென்றடைந்தது. அப்பாஸியர் ஆட்சியில் பர்மகீ குடும்பத்து அமைச்சர் யஹ்யா இப்னு காலிதின் ஆதரவில், மன்கா என்னும் இந்திய மருத்துவரின் துணையோடு அது அரபு மொழியில் ஆக்கப்பட்டதாக இப்னு நதீம் தம் நூற்பட்டியலில் குறித்துள்ளார்.

அதற்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்தலூஸில் தோன்றியவர் அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி. ஏறத்தாழ கி.பி. 936-இல் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்து 1013-ஐ ஒட்டி மறைந்த இவரை ஐரோப்பியர் அல்புகாஸிஸ் என்றனர். முப்பது பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்னும் இவருடைய பெருநூலின் இறுதிப் பாகம் இரண சிகிச்சைக்கென்றே ஒதுக்கப்பட்டது. சூடு வைத்தல், கீறுதல், எலும்பு பொருத்துதல் என அது மூன்று பிரிவாக அமைந்தது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் உருவங்களை அவர் அதில் வரைந்து காட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேடோ நகரில் கிரிமோனாவின் ஜெரார்டு அதை இலத்தீனில் பெயர்க்க, ஐரோப்பிய மருத்துவப் பள்ளிகளில் பல நூற்றாண்டுகள் அது பாடமாக விளங்கிற்று.

வயிற்றுக் காயங்களுக்கென்று இவர் ஒரு தனி இயலே எழுதினார். குடலைத் தைக்க எறும்புத் தலை முறையை எடுத்துரைத்ததோடு, விலங்கின் குடலிலிருந்து எடுக்கப்படும் மெல்லிய நூலைக் கொண்டு தைப்பதையும் கூறினார். உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் தையல் நூலின் மூதாதை இதுவே. இருபதாம் நூற்றாண்டிலும் உலகெங்கும் அறுவைக் கூடங்களில் 'கேட்கட்' என்னும் குடல்நூல் புழங்கி வந்ததை எண்ணும்போது, குர்துபாவின் அறிவு எவ்வளவு நீண்ட ஆயுள் பெற்றது என்பது விளங்கும்.

அல்-ஸஹ்ராவியிடம் நாம் கருத வேண்டிய சிறப்பு மற்றொன்றுண்டு. உடற்கூற்றை அறியாதவன் கத்தியைத் தொடலாகாது என்பதை அவர் நூலின் தொடக்கத்திலேயே வற்புறுத்தினார். அறியாமையால் ஒரு மருத்துவன் ஒரு பெண்ணின் கழுத்து வீக்கத்தைக் கீறி, இரத்தக் குழாயை அறுத்து, அவளைச் சாகவிட்ட நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகக் கூறினார். வெற்றிகளை மட்டும் எழுதிச் செல்லும் மருத்துவர் பலர். தோல்வியையும் எழுதி வைத்தவரிடமே பிற்காலத்தார் கற்கின்றனர்.

பூட்டுத் திறந்த கதை

குர்துபாவுக்குப் பின் எண்ணூறு ஆண்டுகளாயினும் வயிற்று அறுவை பெரிதும் முன்னேறவில்லை. காரணங்கள் இரண்டு. வலியைத் தாங்க முடியாத நோயாளியின் வயிற்றுக்குள் நிதானமாகக் கைவைத்துப் பணிபுரிய இயலாது. அப்படியே செய்து முடித்தாலும், சீழ் பிடித்து நோயாளி மாண்டார். 1846-இல் ஈதர் மயக்க மருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளிப்படையாகப் பயன்பட்டபோது முதல் தடை நீங்கிற்று. கிருமிகளைக் கார்பாலிக் அமிலத்தால் தடுக்கும் வழியை 1867-இல் ஜோசப் லிஸ்டர் வெளியிட்டபோது இரண்டாம் தடை தளர்ந்தது.

1881 ஜனவரி 29-இல் வியன்னாவில் தியோடோர் பில்ரோத், புற்றுநோய் பிடித்த இரைப்பையின் கீழ்வாயிலை வெட்டியெடுத்து, எஞ்சிய இரைப்பையைக் குடலோடு இணைத்தார். நோயாளியான பெண்மணி அறுவையைத் தாங்கிப் பிழைத்தார். சில மாதங்களில் புற்றுநோய் மீண்டும் பரவி அவர் உயிரைக் கொண்டது என்றாலும், இரைப்பையை வெட்டித் தைக்க முடியும் என்பது உறுதியாயிற்று. அதே ஆண்டில் பில்ரோத்தின் உதவியாளர் வோல்ஃப்லர், அடைபட்ட வாயிலைத் தொடாமல், இரைப்பையின் வேறோரிடத்தில் துளையிட்டுச் சிறுகுடலை அங்கே பொருத்தினார். அடைபட்ட பெருந்தெருவை விட்டுப் புறவழி அமைப்பது போன்றது இது. ரெட்டியபட்டிப் பெரியவரின் வயிற்றில் மதுரை மருத்துவர்கள் செய்ததும் இந்தப் புறவழியே.

நெய்யூரில் ஒரு மலையேறி

வியன்னாவின் கலை தமிழ்ச் சீமைக்கு எப்படி வந்தது? பல வழிகளில் வந்தது. அவற்றுள் நெஞ்சைத் தொடும் வழி, எவரெஸ்ட் மலையினூடாக வந்த வழி.

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்தது. அங்கே 1838-இல் இலண்டன் மிஷன் சார்பில் ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி, காலப்போக்கில் கிளை மருத்துவமனைகளோடு விரிந்தது.

1890-இல் இங்கிலாந்தில் பிறந்த டி. ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், முதல் உலகப் போரில் பிரான்சின் போர்முனையில் ஆயிரக்கணக்கான காயங்களைக் கண்டவர். 1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் அவர் ஒருவர். பனிச்சரிவில் சுமைதூக்குவோர் எழுவர் மாண்டது அவர் உள்ளத்தை உலுக்கிற்று. ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்த அவர், நெய்யூரில் ஒற்றை அறுவை மருத்துவர் தாங்கமாட்டாத சுமையைச் சுமந்து நிற்பதையும், வாசலில் நோயாளிகள் காத்துக் கிடப்பதையும் கண்டார். இலண்டனில் காத்திருந்த சிறந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே பணியாற்ற முடிவு செய்தார்.

1924-இல் மீண்டும் எவரெஸ்ட் சென்றார். செயற்கைப் பிராணவாயு இன்றி ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறினார். இறங்கி வருகையில், கடுங்குளிரில் கருகிய தொண்டையின் உட்சவ்வு கழன்று மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. பேசவோ கூவவோ இயலாமல், சாவை எதிர்பார்த்துப் பனியில் அமர்ந்தவர், கடைசி முயற்சியாகத் தம் மார்பை இரு கைகளாலும் அழுத்த, அடைப்பு வெளியே வந்து உயிர் தப்பினார். அடைப்பு என்றால் என்ன என்பதைத் தம் உடலிலேயே அறிந்த அம்மருத்துவர், நெய்யூர் திரும்பித் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைப் பிறர் வயிற்றின் அடைப்பை நீக்குவதில் கழித்தார். பின்னர் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். 1975-இல் இங்கிலாந்தில் காலமானார்.

நெய்யூரில் அவரை வியப்பில் ஆழ்த்திய நோய் ஒன்றுண்டு. அதுவே முன்சிறுகுடற்புண். இரைப்பையை அடுத்துள்ள குடலின் முதற்பகுதியில் புண் தோன்றி, பசி வேளையில் எரிந்து வலிக்கும் நோய் அது. நாட்டின் வடமேற்கே பஞ்சாபில் பணிபுரிந்த மருத்துவர்கள் அதை அரிதாகவே கண்டனர். நெய்யூரிலோ அது வரிசை கட்டி வந்தது. சாமர்வெல்லும் அவருடன் பணியாற்றிய இயன் ஓரும் அப்புண்ணின் அறுவை, காரணம், பின்விளைவு ஆகியன பற்றி 1936-இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, உலகம் தென்னிந்தியாவை நோக்கித் திரும்பக் காரணமாயிற்று.

அந்நாளில் மேனாடுகளில் இந்நோய்க்குச் சொல்லப்பட்ட வைத்தியம், மணிக்கு மணி பாலும் அமில எதிர்ப்புத் தூளும் கொடுத்துப் பல வாரம் படுக்கையில் கிடத்துவது. பனையேறியும் வயலில் உழைத்தும் அன்றாடம் கூலி வாங்கும் ஏழைக்கு இது எட்டாக் கனி. ஒரு தடவை அறுத்துப் புறவழி அமைத்துவிட்டால் மறுபடி வேலைக்குப் போகலாம். ஆகவே செல்வர் நாட்டில் கடைசி மருந்தாக இருந்த கத்தி, ஏழை நாட்டில் மலிந்த மருந்தாயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சோறா, கம்பா, காணமா?

ஒரே நாட்டில் ஒரு நோய் தெற்கே மலிந்தும் வடக்கே அருகியும் இருப்பானேன்? இக்கேள்வியை நீலகிரியின் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்திய இராபர்ட் மக்காரிசன் எலிகளிடம் கேட்டார். நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி உண்ட எலிகள் செழித்தன. மரவள்ளிக் கிழங்கையே பெரிதும் உண்ட எலிகள் பலவற்றின் இரைப்பையில் புண் கண்டது. தீட்டிய அரிசி உண்டவற்றிலும் கண்டது. இயன் ஓரும் குன்னூர் ஆய்வுக்கூடத்து இராதாகிருஷ்ண ராவும் 1939-இல் இவ்வாராய்ச்சியை மேலும் விரித்து வெளியிட்டனர்.

பின்னர் மைசூரில் பல்லாண்டு பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்னும் அறுவை மருத்துவர் இந்தியாவெங்கும் இந்நோயின் பரவலைத் திரட்டினார். தீட்டிய அரிசியும் கிழங்கும் முதன்மையான இடங்களில் நோய் மிகுதி. தவிடு நீக்காத கோதுமை, சில சிறுதானியங்கள், சில பயறுகள் புழங்கும் இடங்களில் குறைவு. எலிகளிடம் சோதித்தபோது புண்ணைத் தடுக்கும் ஆற்றல் மிகுந்ததாக அவரும் அவருடைய துணைவரும் கண்ட பொருள்களில் ஒன்று, நம் கரிசல் சீமையார் காணம் என்று சொல்லும் கொள்ளு. அதன் கொழுப்புக் கூற்றில் அந்த ஆற்றல் இருப்பதாக அவர்கள் எழுதினர்.

குதிரைக்கும் மாட்டுக்கும் வைக்கும் தீவனம் என்று நாம் ஏளனமாக ஒதுக்கிய காணம், ஆய்வாளர் மேசையில் பெருமை பெற்றது! எனினும் இதைப் படித்தவுடன், கம்பும் காணமும் உண்போருக்குக் குடற்புண்ணே வராது என்று முடிவு கட்டுதல் தவறு. எலியின் வயிறு மனிதனின் வயிறன்று. ரெட்டியபட்டிப் பெரியவர் கம்பங்கஞ்சி குடித்தே வளர்ந்தவர். அவருக்கும் புண் வந்தது. இளமையில் விருதுநகருக்குப் பருப்புக் கிட்டங்கி வேலைக்குப் போய், வேளை தவறி உண்டதே காரணம் என்று அவர் சொல்கிறார். ஒருவர் கதை ஆய்வுக்குச் சான்றாகாது. ஆனால் உணவு ஒரு காரணம், அதுவே முழுக் காரணமன்று என்பதை அவர் கதையும் நினைவூட்டுகிறது.

நோயின் சிக்கலும் தூரத்தின் சிக்கலும்

குடற்புண் தானாக ஆளைக் கொல்வது அரிது. கொல்வன அதன் பின்விளைவுகளே. அவை மூன்று. புண் ஆழமாகி இரத்தக் குழாயை அரித்தால் இரத்த வாந்தியும் கருநிற மலமும் உண்டாகும். ஆறி ஆறித் தழும்பேறினால் இரைப்பையின் வாயில் சுருங்கி, உண்டது கீழே இறங்காமல் தங்கும். வயிற்றை அசைத்தால் பாதி நிறைந்த குடத்தில் நீர் குலுங்குவது போல ஓசை கேட்கும். மறுநாள் எல்லாம் வாந்தியாகும். பெரியவருக்கு நேர்ந்தது இதுவே. மூன்றாவது எல்லாவற்றிலும் கொடியது. புண் குடலைத் துளைத்துவிடும். இரைப்பையின் அமிலம் வயிற்றறைக்குள் கொட்டும். கத்தியால் குத்தினாற்போல் திடீரென்று வலி எழும். வயிறு பலகையாக இறுகும்.

இந்தத் துளைப்பில் ஒரு வஞ்சகம் உண்டு. சில மணி நேரம் கழித்து வலி சற்றுத் தணிந்தாற்போலத் தோன்றும். "வாய்வுதான், சோடா குடித்ததும் கேட்டுவிட்டது" என்று வீட்டார் ஆறுதல் கொள்வர். உண்மையில் அப்போதுதான் வயிற்றறை முழுதும் சீழ் பரவத் தொடங்குகிறது. முதல் ஆறு மணி நேரத்துக்குள் மேசைக்கு வந்தவர் பெரும்பாலும் பிழைக்கிறார். ஒரு நாள் கடந்து வந்தவரைக் காப்பது மிகக் கடினம். துளையை மூடும் முறையோ எளிது. வயிற்றுக்குள் குடலைப் போர்த்தித் தொங்கும் கொழுப்புத் திரையின் ஒரு நுனியை இழுத்துத் துளையின் மேல் வைத்துக் கட்டிவிடுவர். கனடாவின் ராஸ்கோ கிரஹாம் 1937-இல் எழுதி நிலைநிறுத்திய இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. எறும்பின் தலை செய்த வேலையை உடலின் சொந்தத் துணியே செய்கிறது.

முறை எளிது, மேசை தொலைவு என்பதே கரிசல் சீமையின் துயரமாக இருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அதற்கும் அப்பாலுள்ள சிற்றூரில் நள்ளிரவில் வலி எழுந்தால், மாட்டுவண்டி கட்டி, பேருந்துச் சாலைக்கு வந்து, விடியற்காலை முதற்பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் வயிற்றில் சூடு வைத்துப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. அல்-ஸஹ்ராவியும் தம் காலத்து அறிவுக்கேற்ப இரைப்பை நோவுக்குச் சூடு வைப்பதை எழுதியவரே. அறிவு ஆயிரம் ஆண்டு நடந்த பின்னும் சூட்டுக்கோல் நடக்காமல் நின்றுவிட்டது. மருத்துவ நூல்கள் நோயின் பின்விளைவு என்று குறிக்கும் பலவற்றில் பாதி, உண்மையில் தூரத்தின் பின்விளைவு என்பதே எம் கருத்து.

அறுவைக்கும் சொந்தப் பின்விளைவுகள் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. புறவழி அமைத்த இடத்திலேயே புதுப்புண் தோன்றும். மிக அரிதாக அப்புண் அருகிலுள்ள பெருங்குடலையும் துளைத்து, இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் இடையே கள்ளவழி ஒன்று உண்டாகும். உண்டது செரிக்காமல் நேரே பெருங்குடலுக்குச் செல்ல, நோயாளி ஓயாத வயிற்றுப்போக்கும் மலநாற்றம் வீசும் ஏப்பமுமாய் எலும்புருவாகிப் போவார். சிலருக்கு, இணைத்த சிறுகுடல் பின்னோக்கி இரைப்பைக்குள்ளேயே செருகிக்கொள்ளும். வேறு சிலருக்கு உண்டவுடன் உணவு விரைந்து குடலுக்குள் கொட்ட, வியர்த்து மயக்கம் வரும். ஒரு வழியை அடைத்தால் உடல் மற்றொரு வழியில் கணக்குக் கேட்கிறது.

இச்சிக்கல்களைக் குறைக்கவே, அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் நரம்பை வெட்டும் முறையைச் சிகாகோவின் லெஸ்டர் டிராக்ஸ்டெட் 1943-இல் தொடங்கினார். நரம்பு வெட்டும் புறவழி இணைப்பும் சேர்ந்த அறுவை, பின்னர் நம் அரசு மருத்துவமனைகளின் அன்றாடப் பணியாயிற்று. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பழைய தலைமுறையினர் சொல்லும், பின்னர் இராசாசி பெயர் பெற்ற மதுரைப் பெரிய மருத்துவமனையும், 1954-இல் அதனோடு இணையத் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் தென்மாவட்டத்து வயிறுகளுக்கெல்லாம் புகலிடமாயின. சென்னையில் டாக்டர் என். ரங்கபாஷ்யம், இரைப்பை, குடல் அறுவை மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்து, தலைமுறை தலைமுறையாக மாணவரை உருவாக்கினார். 2002-இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது.

அரிது என்பது எது?

மருத்துவர்கள் சில நோய்களை அரியவை என்று ஒதுக்குவர். குடற்புண்ணின் வரலாறு நமக்கு உணர்த்துவது, அரிது என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதே. கணையத்தில் கல் விழுந்து, இளமையிலேயே தீரா வயிற்று வலியும் நீரிழிவும் வரும் நோய் மேனாட்டு நூல்களில் அரிது. கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் அந்நோயாளிகளை நூற்றுக்கணக்கில் கண்டு எழுதினார். முதலில் மரவள்ளிக் கிழங்கின் மீது பழி விழுந்தது. 2000-க்குப் பின் வந்த ஆய்வுகள், பரம்பரையாக வரும் மரபணு மாற்றமும் இதில் பங்கு கொள்வதைக் காட்டின. கணைய நாளத்தை நெடுகத் திறந்து கற்களை அகற்றிக் குடலோடு இணைக்கும் அறுவை, இவர்களில் பலருக்கு வலியிலிருந்து விடுதலை தந்தது.

மற்றொன்று, 1978-இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் பெயரிட்டு விவரித்த நோய். பருவ வயதுப் பெண்கள் சிலர் குடலடைப்போடு வந்தனர். திறந்து பார்த்தால், பட்டுப்புழு தன் கூட்டுக்குள் இருப்பது போலச் சிறுகுடல் முழுதும் வெண்ணிறச் சவ்வுக்குள் சுருண்டு கிடந்தது. அதனாலேயே அதற்குக் கூட்டின் பெயர் வந்தது. சவ்வை மெல்ல உரித்தெடுத்தாலே பலரும் நலம் பெற்றனர். பின்னர் இந்தியாவிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்தன. அதற்கு முன்பும் அந்நோய் இருந்திருக்க வேண்டும். திறந்தவர் எழுதிவைக்காததால் அது பெயரின்றிக் கிடந்தது. குர்துபாவின் அறிஞர் தாம் கண்டதையெல்லாம் எழுதியதும், நெய்யூர் மருத்துவர் ஏழை நோயாளியின் புண்ணைக் கணக்கில் எடுத்ததும் எத்துணைப் பெரிய தொண்டு என்பது இங்கே புலனாகிறது.

கத்தி ஓய்ந்த கதை

மீண்டும் குடற்புண்ணுக்கு வருவோம். 1970-களின் பிற்பகுதியில் அமிலச் சுரப்பைத் தடுக்கும் மாத்திரைகள் வந்தன. அதற்கு வழிவகுத்த ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், புண் கண்ட இரைப்பைகளில் சுருள் வடிவக் கிருமி ஒன்றை வளர்த்துக் காட்டினர். அமிலத்தில் கிருமி வாழுமா என்று உலகம் நகைத்தது. 1984-இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்து மெய்ப்பித்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டு சோடா உப்பு தின்று, பின் வயிற்றைக் கீறிக்கொண்ட நோய்க்கு, இன்று இரு வாரம் மாத்திரை உண்டால் போதும். நம் முதியவர்களின் தழும்பு பேரர்களிடம் இல்லாமைக்குக் காரணம் இதுவே.

அக்கிருமி வடக்கிலும் தெற்கிலும் ஒன்றுபோலப் பலர் வயிற்றில் இருந்தும், புண் எல்லோருக்கும் வரவில்லை. ஆகவே குன்னூர் எலிகள் எழுப்பிய வினா முற்றிலும் பொய்த்துவிடவில்லை.

கத்தி ஓய்ந்தது என்று மகிழ்ந்து கண்ணயர்ந்துவிடவும் முடியாது. குடல் துளைப்பு இன்றும் வருகிறது. முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் மருந்துக்கடையில் தாமே வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கும் வலி மாத்திரைகள் அதற்கு ஒரு முக்கிய காரணம். அறுபது வயதைக் கடந்தவர்க்கு அவை பெருந்தீங்கு செய்கின்றன. நம் கரிசல் வட்டாரத்தில் பருத்தி எடுத்தும் களையெடுத்தும் முதுகு வளைந்த முதியவர் எத்தனை பேர் அம்மாத்திரைகளை மடியில் முடிந்து வைத்திருக்கின்றனர்! மலம் தார் போலக் கறுத்தாலும், திடீரென்று வயிறு இறுகி வலித்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

காத்திருக்க வேண்டிய காலமும் இப்போது குறைந்திருக்கிறது. 2008-இல் தமிழகத்தில் 108 அவசர ஊர்தி வந்தது. 1985-இல் பிறந்த விருதுநகர் மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் சொந்த அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. மாட்டுவண்டியில் கழிந்த இரவுகள் பழங்கதையாகி வருகின்றன. எஞ்சியிருக்கும் தூரம், வலி எழுந்த நொடிக்கும் நாம் அதை மதிக்கும் நொடிக்கும் இடைப்பட்டது. அதைக் குறைக்க எந்த ஊர்தியாலும் ஆகாது.

விடைபெறும்போது பெரியவரிடம், "இப்போது வயிறு எப்படி?" என்று கேட்டோம். "வயித்துக்கு ஒண்ணும் இல்ல தம்பி. முழங்காலுக்குத்தான் ரெண்டு மாத்திரை போட்டுக்கிறேன்" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். அம்மாத்திரையின் பெயரைப் படித்துப் பார்த்தோம். ஒருமுறை கீறப்பட்ட அந்த வயிற்றுக்கு அது ஆகாதென்பதை எடுத்துச் சொல்லி, மறுநாளே அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் காட்டுவதாக அவரிடமும் அவர் பேரரிடமும் உறுதி பெற்றுக்கொண்ட பிறகே பேருந்து ஏறினோம்.